கார்ட்டூன் இளவரசிகள்: பேசுவது யார்?



கடந்த பள்ளி விடுமுறையில் எங்கள் வட்டாரத்துச் சிறுவர்களுக்கு மூன்று நாள் முகாம் நடத்தினோம். ஏற்பாட்டாளர்களில் நானும் ஒருத்தி. இரண்டாம் நாள் மதியம் சரியான மழை. திடலில் வைத்திருந்த விளையாட்டெல்லாம் போச்சு. முப்பது பிள்ளைகளையும் மண்டபத்துக்குள்ளேயே வைத்துச் சமாளிக்க வேண்டிய நிலை. என் மடிக்கணினியில் 'தி லிட்டில் மெர்மெய்ட்' இருந்தது. டிஸ்னி 1989-இல் எடுத்த பழைய படம். சின்ன வயதில் சிடியில் கீறல் விழும் வரை நான் பார்த்த படம். அதைப் போட்டுவிட்டோம். பிள்ளைகளும் மைலோ குடித்துக்கொண்டே சத்தமில்லாமல் பார்த்தார்கள்.

படம் முடிந்ததும் ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அக்கா, ஏரியலுக்குத்தான் பேச்சே வரலையே. அப்புறம் அவ நல்லவன்னு அந்த அண்ணனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு?”

நான் அடுத்த நிகழ்ச்சிக்கு நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்தேன். வாயில் வந்ததைச் சொன்னேன். “அவ அழகா இருக்கால்ல, அதான்.”

“ஓ…” என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். அவள் மறுத்துக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. நம்பிவிட்டாள். அதுதான் என்னை உறுத்தியது.

அந்தப் பதிலைத் திருத்திக்கொள்ள நான் எடுத்த முயற்சிதான் இந்தக் கட்டுரை. நான் சினிமா ஆய்வாளர் இல்லை, இயந்திரப் பொறியியல் படிக்கிற மாணவி. 'எனக்கு இப்படித் தோணுது' என்று சொல்வதற்கு முன்னால் அளந்து பார் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். இங்கேயும் அளந்தே பார்ப்போம்.

பழைய மூன்று இளவரசிகள்

டிஸ்னியின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படம் 'ஸ்னோ ஒயிட்'. 1937 டிசம்பரில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. பிறகு 1950-இல் 'சின்ட்ரெல்லா', 1959-இல் 'ஸ்லீப்பிங் பியூட்டி' வந்தன. இந்த மூன்று கதாநாயகிகளையும் குறை சொல்வது சுலபம். ஸ்னோ ஒயிட் குள்ளர்களின் வீட்டைக் கூட்டிப் பெருக்கி, சமைத்துப் போட்டு, கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்துக் கிடக்கிறாள். 'ஸ்லீப்பிங் பியூட்டி'யில் வரும் அரோராவின் நிலை இன்னும் மோசம். தன்னைப் பற்றிய படத்திலேயே அவள் திரையில் வருவது ஏறக்குறைய 18 நிமிடம்தான். ஊசி குத்தித் தூங்கிய பிறகு, இளவரசன் வந்து எழுப்பி, இருவரும் நடனமாடி, படம் முடிகிற வரைக்கும் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தப் படங்களில் நல்ல அம்மா பெரும்பாலும் உயிரோடு இருக்க மாட்டார், அல்லது ஓரமாக நிற்பார். வயதும் அதிகாரமும் உள்ள பெண் யார் என்று பார்த்தால், பொறாமை பிடித்த ராணி, கொடுமைக்காரச் சிற்றன்னை, சாபம் கொடுக்கும் மேலிஃபிசென்ட். நல்லவள் என்றால் இளையவள், அழகி, அமைதியானவள். அதிகாரம் கையில் வந்தால் கெட்டவள். ஸ்லீப்பிங் பியூட்டியின் மூன்று தேவதைகள் மட்டும் இதற்கு நல்ல விதிவிலக்கு. அந்தப் படத்தில் முக்கால்வாசி வேலையைச் செய்வதே அவர்கள்தான்.

“கதை அப்படி, படம் எடுத்தவங்க என்ன செய்வாங்க?” என்று கேட்கலாம். ஆனால் கதையை அவர்கள் அப்படியே எடுக்கவில்லை. ஜெர்மனியின் கிரிம் சகோதரர்கள் வெளியிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் இளவரசன் முத்தம் கொடுத்து எழுப்புவதே கிடையாது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற வேலைக்காரர்கள் கால் இடறுகிறார்கள். அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்து அவள் எழுகிறாள். இன்னும் பின்னால் போனால், 1812-இல் வந்த முதல் பதிப்பில் அவளைக் கொல்ல நினைப்பது பெற்ற தாயே. பிந்திய பதிப்பில்தான் அது சிற்றன்னையாக மாறியது. ஆக, கதை கைமாறும்போதெல்லாம் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. எதை மாற்றலாம், எதை விட்டுவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்திருக்கிறார்கள்.

நான் எதிர்பார்க்காத கணக்கு

1989-க்குப் பிறகு நிலைமை மாறிவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஏரியல் அப்பாவை எதிர்த்துப் பேசுகிறாள். 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தின் பெல் புத்தகமும் கையுமாக இருக்கிறாள். முலான் வாளெடுத்துப் போருக்கே போகிறாள். இதைவிட என்ன வேண்டும்?

முகாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தை மறுபடி போட்டு, யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். இருபது நிமிடத்தில் கை வலித்துவிட்டது. பிறகு தேடிப் பார்த்தால், இந்த வேலையை ஏற்கெனவே இருவர் செய்து முடித்திருக்கிறார்கள். கார்மன் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு அமெரிக்க மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனங்களை வார்த்தை வார்த்தையாக எண்ணி, 2016-இல் முடிவுகளைச் சொன்னார்கள்.

பழைய படங்களை முதலில் பார்ப்போம். ஸ்னோ ஒயிட்டில் ஆணும் பெண்ணும் சரிபாதி பேசுகிறார்கள். சின்ட்ரெல்லாவில் பெண்களின் பேச்சு 60 விழுக்காடு. ஸ்லீப்பிங் பியூட்டியில் 71 விழுக்காடு.

இனி துணிச்சலான பெண்கள் வந்த காலம். இந்தப் படங்களில் ஆண்கள் பேசும் பங்கைப் பாருங்கள். லிட்டில் மெர்மெய்ட் 68 விழுக்காடு. பியூட்டி அண்ட் தி பீஸ்ட் (1991) 71. அலாடின் (1992) 90. போகாஹொன்டாஸ் (1995) 76. முலான் (1998) 77.

நான் இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். சீன நாட்டையே காப்பாற்றுகிற முலானின் படத்தில் நூற்றுக்கு 77 வார்த்தை ஆண்களுடையது. அவளோடு வருகிற முஷு என்ற குட்டி டிராகன்கூட அவளைவிட அதிகம் பேசுகிறது!

கடிகாரம் ஆண், தேநீர்க் கூஜா பெண்

இது எப்படி நடந்தது? பெண்கள் பேசக் கூடாது என்று யாராவது திட்டம் போட்டார்களா? இல்லை. கதாநாயகியை மட்டும் கவனமாக உருவாக்கிவிட்டு, அவளைச் சுற்றி இருக்கும் மற்ற எல்லாரையும் பழக்க தோஷத்தில் ஆணாக வைத்துவிட்டார்கள். அவ்வளவுதான்.

ஏரியலைச் சுற்றி யார் இருக்கிறார்கள்? அப்பா, நண்டு செபாஸ்டியன், மீன் ஃபிளவுண்டர், கடற்பறவை ஸ்கட்டில், இளவரசன் எரிக், அவனுடைய முதிய துணையாள், சமையல்காரர், சூனியக்காரியின் இரண்டு விலாங்கு மீன்கள். எல்லாரும் ஆண். ஏரியலுக்கு ஆறு அக்காமார் இருந்தும் அவர்கள் பேசுவது கொஞ்சம்தான். ஒரு நண்டு ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

பெல்லின் கதையில் பொருள்களுக்கே பால் பிரித்திருக்கிறார்கள். நேரத்தைச் சொல்லி அதிகாரம் பண்ணுகிற கடிகாரம் ஆண். வழி காட்டுகிற மெழுகுவர்த்தித் தண்டு ஆண். தேநீர் ஊற்றுகிற கூஜா பெண். துணி வைக்கிற அலமாரி பெண். தூசி தட்டுகிற இறகுத் துடைப்பமும் பெண். சிறு வயதில் எத்தனை தடவை பார்த்திருப்பேன், ஒரு தடவைகூட இது என் கண்ணில் படவில்லை.

அலாடினில் ஜாஸ்மினுக்கு மனம் விட்டுப் பேச ஒரு தோழி இல்லை. அவள் வளர்க்கிற புலியும் ஆண்தான்.

2013-இல் வந்த 'ஃபுரோசன்' படத்தைப் பற்றி எல்லாரும் பெருமையாகச் சொல்வோம். அக்கா தங்கை பாசம், இரண்டு கதாநாயகிகள். அதிலும் 59 விழுக்காடு பேச்சு ஆண்களுடையது. கிறிஸ்டோஃப், ஹான்ஸ், பனிப்பொம்மை ஓலாஃப், வணிகம் பேச வந்த பிரபு, மலையில் கடை வைத்திருப்பவர், பூதங்களின் தலைவர் என்று வரிசையாக எண்ணிப் பாருங்கள். இரண்டு பெண்களைச் சுற்றி ஓர் ஆண் ஊரே இருக்கிறது.

அதற்கு முந்திய ஆண்டு வந்த பிக்சாரின் 'பிரேவ்' படத்தில் பெண்களின் பேச்சு 74 விழுக்காடு. காரணம் எளிது. அது அம்மாவுக்கும் மகளுக்கும் நடக்கிற கதை. பேச இன்னொரு பெண் இருந்தால் பெண் பேசுவாள்.

வரைந்த கைகள்

எழுதியவர்களும் வரைந்தவர்களும் யார் என்று பார்த்தால் இன்னும் கொஞ்சம் புரியும். ஸ்னோ ஒயிட் வெளியான அடுத்த ஆண்டு, அதாவது 1938-இல், வேலை கேட்டு விண்ணப்பித்த ஒரு பெண்ணுக்கு டிஸ்னி நிறுவனம் அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. கற்பனை சார்ந்த வேலைகளைப் பெண்கள் செய்வதில்லை, அவற்றை இளைஞர்களே செய்கிறார்கள், பெண்களுக்கு உள்ள ஒரே வேலை ஆண்கள் வரைந்த கோட்டை மையால் நகலெடுத்து வண்ணம் தீட்டுவது என்பதுதான் அதன் சாரம். ஸ்னோ ஒயிட்டுக்கு வண்ணம் தீட்டிய கைகள் பெண்களுடையவை. அவள் என்ன பேச வேண்டும் என்று முடிவு செய்கிற இடத்தில் அவர்களுக்கு நாற்காலி குறைவு.

அதிலும் சிலர் உள்ளே நுழைந்தார்கள். ரெட்டா ஸ்காட் என்பவர் 1942-இல் வந்த 'பாம்பி' படத்தில் சீறிப் பாய்கிற வேட்டை நாய்களை வரைந்தார். டிஸ்னி படமொன்றில் அனிமேட்டராகப் பெயர் போடப்பட்ட முதல் பெண் அவர்தான். டிஸ்னியின் முழுநீளக் கார்ட்டூன் ஒன்றுக்குத் திரைக்கதை எழுதிய முதல் பெண் லிண்டா வூல்வர்டன். அது பியூட்டி அண்ட் தி பீஸ்ட், 1991. ஸ்னோ ஒயிட்டிலிருந்து கணக்குப் போட்டால் 54 ஆண்டுகள்! பிரேவ் கதையைத் தன் மகளை நினைத்து உருவாக்கிய பிரெண்டா சாப்மன், பாதியிலேயே இயக்குநர் பொறுப்பிலிருந்து மாற்றப்பட்டார். இருந்தாலும் படத்துக்குக் கிடைத்த ஆஸ்கார் விருதில் அவர் பெயரும் இருந்தது. ஃபுரோசனின் இரு இயக்குநர்களில் ஒருவர் ஜெனிபர் லீ. டிஸ்னியின் அனிமேஷன் பிரிவில் முழுநீளப் படம் இயக்கிய முதல் பெண் அவர். அந்தப் படத்தில் எல்சாவை முதலில் வில்லியாகத்தான் வைத்திருந்தார்கள். அவளுக்காக எழுதிய பாட்டைக் கேட்ட பிறகுதான் கதையையே மாற்றினார்கள். அதிகாரம் உள்ள பெண் என்றால் கெட்டவள் என்ற பழைய சூத்திரம் அங்கே உடைந்தது.

நம் ஊர்க்காரர் ஒருவரும் இந்த வரிசையில் இருக்கிறார். 2021-இல் வந்த 'ராயா அண்ட் தி லாஸ்ட் டிராகன்' படத்தின் திரைக்கதையை எழுதிய இருவரில் ஒருவர், மலேசியாவில் பிறந்த அடேல் லிம். தென்கிழக்காசியப் பண்பாடுகளைப் பார்த்து உருவான படம் அது. அதில் ராயா பெண், அவளோடு மோதுகிற நமாரி பெண், நமாரியின் நாட்டை ஆளும் தலைவி பெண், டிராகன் சிசுவும் பெண். முலானின் டிராகனையும் இந்த டிராகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

என் கூட்டத்தில் நான்

இதுவரைக்கும் நான் மற்றவர்களைத்தான் அளந்துகொண்டிருந்தேன். பிறகு ஒரு யோசனை வந்தது.

பல்கலைக்கழகத்தில் எங்கள் குழுவுக்குக் கருவாடு காய வைக்கிற சூரிய சக்திப் பெட்டி ஒன்றை வடிவமைக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். குழுவில் நான்கு ஆண்கள், நான். கூட்டக் குறிப்பு எழுதுவது என் பொறுப்பு. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. முதல் கூட்டத்திலேயே “நீ அழகா எழுதுவே” என்றார்கள், நானும் தலையாட்டிவிட்டேன். குறிப்பு எழுத வசதியாக ஒவ்வொரு கூட்டத்தையும் கைப்பேசியில் பதிவு செய்து வைப்பேன். ஒரு பதிவை எடுத்து, ஏரியலை எண்ணியது போல என்னையே எண்ணினேன்.

கூட்டம் 42 நிமிடம். நான் பேசியது ஐந்து நிமிடம்கூட இல்லை. அதிலும் பாதி, “அடுத்த கூட்டம் எப்போ?”, “இத எழுதிக்கட்டுமா?” போன்றவை.

அது மட்டுமில்லை. ஈரக்காற்று சூடாகி மேலே போகும், ஆகவே வெளியேறும் துளையைப் பெட்டியின் மேல்பக்கத்தில் வைக்கலாம் என்று நான் ஆரம்பத்திலேயே சொல்லியிருக்கிறேன். பதிவில் தெளிவாகக் கேட்கிறது. ஒருவர் “ம்ம்” என்கிறார், பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. கால்மணி நேரம் கழித்து இன்னொரு நண்பர் அதையே சொல்கிறார். “நல்ல ஐடியா!” என்று எல்லாரும் பாராட்டுகிறார்கள். அந்த வாரத்துக் கூட்டக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். அந்த யோசனைக்கு நேராக அவர் பெயர் இருக்கிறது. எழுதியது என் கை.

அவர்கள் நால்வரும் நல்லவர்கள். என் வாயை யாரும் பொத்தவில்லை. படம் எடுத்தவர்களும் அப்படித்தானே? ஏரியலின் நண்டை ஆணாக வைத்தவருக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இருந்திருக்காது. பழக்கம் தானாக ஓடும், யாராவது நின்று எண்ணுகிற வரைக்கும்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். ஒருவர், “நீ கொஞ்சம் சத்தமா சொல்லியிருக்கலாமே” என்றார். அதிலும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. யோசனை சொன்ன நண்பர் மட்டும் பதிவை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். “நான் உண்மையிலேயே கவனிக்கல, சாரி” என்றார். இப்போது கூட்டக் குறிப்பை ஐந்து பேரும் முறை வைத்து எழுதுகிறோம். எல்லாம் ஒரே நாளில் மாறிவிடவில்லை. கடைசியாக எண்ணியபோது நான் பேசியது ஒன்பது நிமிடம்.

வெறும் கார்ட்டூன்தானே?

அப்படியும் சொல்லலாம். உண்மையில் ஆய்வுகளும் ஒரே பக்கமாகப் பேசவில்லை. அமெரிக்காவில் சேரா கோய்ன் என்ற ஆய்வாளரின் குழு 198 சின்னப் பிள்ளைகளைக் கவனித்தது. இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் அதிகம் மூழ்கிய பிள்ளைகள், ஓராண்டு கழித்து 'பொம்பளைப் பிள்ளை இப்படித்தான் இருக்கணும்' என்ற அச்சில் அதிகம் நடந்துகொண்டார்கள் என்று 2016-இல் எழுதினார்கள். ஐந்தாண்டுகள் கழித்து அதே பிள்ளைகளைப் பார்த்தபோது, இளவரசிகளை அதிகம் விரும்பியவர்களிடம் ஆண் பெண் சமம் என்ற எண்ணம் கூடுதலாக இருந்தது. ஆகவே படங்களைத் தடை செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. எனக்கும் அவை பிடிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற பெரியவர் என்ன சொல்கிறார் என்பதில்தான் நமக்கு வேலை இருக்கிறது.

இங்கேதான் என் பதில் திரும்பவும் என்னைச் சுட்டது. அந்த மொழியியலாளர்கள் பாராட்டுகளையும் எண்ணியிருக்கிறார்கள். பழைய மூன்று படங்களில் பெண்களுக்குக் கிடைத்த பாராட்டில் 55 விழுக்காடு அழகுக்காக, திறமைக்காக வெறும் 11. புதிய படங்களில் அழகுக்கு 22, திறமைக்கு 40. படங்களே மாறிவிட்டன. அந்தப் பிள்ளையிடம் நான் சொன்னதோ 1959-ஆம் ஆண்டுப் பதில்.

தம்பி தங்கையோடு பார்க்கும்போது

அடுத்த முறை இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இளைஞர் சந்திப்புகளிலும் கலந்துரையாடலாம்.

1. கதாநாயகியைத் தவிர்த்து, பெயரோடு பேசுகிற பெண்கள் எத்தனை பேர்?

2. இரண்டு பெண்கள் தங்களுக்குள், ஓர் ஆணைப் பற்றி இல்லாமல், வேறு ஏதாவது பேசுகிறார்களா? ஓவியர் அலிசன் பெக்டெல் 1985-இல் ஒரு சித்திரக் கதையில் வைத்த இந்தச் சோதனை இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறது.

3. விலங்கு, பொம்மை, காவலாளி, கடைக்காரர் இவர்களெல்லாம் ஆணாக இருக்க ஏதாவது காரணம் உண்டா?

4. அவளைப் பாராட்டுகிறவர்கள் எதைப் பாராட்டுகிறார்கள்?

5. நம் வீட்டிலும் கூட்டத்திலும் இதே நான்கு கேள்விகளைக் கேட்டால் என்ன பதில் வரும்?

போன மாதம் சிறுவர் வகுப்பில் அந்தப் பிள்ளையை மறுபடி பார்த்தேன். அவள் மறந்திருப்பாள் என்று நினைத்தேன். இருந்தாலும் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அன்னிக்கு அக்கா சொன்னது தப்பு. அந்த அண்ணன் தண்ணியில மூழ்கினப்ப ஏரியல்தான காப்பாத்துனா? அப்போ அவ பாடின குரல்தான் அவருக்கு ஞாபகம் இருந்துச்சு. குரல் இல்லாம அவ பக்கத்துலயே இருந்தப்ப, அவ யாருன்னே அவருக்குத் தெரியல.”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள்.

“அப்போ குரல அந்தச் சூனியக்காரிக்குக் குடுக்காம இருந்திருந்தா, மொத நாளே தெரிஞ்சிருக்கும்ல அக்கா?”

“ஆமா,” என்றேன். “மொத நாளே தெரிஞ்சிருக்கும்.”